சீமை ஜீப்பும் என் தையல் அறையும்

பழைய சீமை வண்டி வைத்துக்கொண்டிருப்பது ஒரு முழுநேர உத்தியோகம். லீவு கிடையாது, பென்ஷன் கிடையாது, ராஜினாமா செய்யவும் வழி கிடையாது. ஓட்டுகிறவர் கணவர். உத்தியோகம் பார்ப்பது மனைவி. உங்கள் வாசலிலும் அப்படி ஒன்று நின்றால், இதைப் படிக்கும்போதே ஒரு காதை வெளியே வைத்திருப்பீர்கள், ஸ்டார்ட் ஆகிறதா இல்லையா என்று. எனக்குத் தெரியும். நானும் அப்படிக் காது தேய்ந்தவள்தான். ஆகவே கூச்சப்படாமல் கிட்டே வந்து உட்காருங்கள். எனக்குத் தெரிந்த பராமரிப்பு யோசனைகளைச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த விதம்

என் வீட்டுக்காரர் செங்கல்பட்டுக் கோர்ட்டில் வக்கீல். வீடு மாமல்லபுரத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரம். வடக்கே கரையோரமாக எங்களுக்கு ஒரு சவுக்குத் தோப்பு உண்டு. "தோப்புக்கு மணல்ல போக வேண்டாமா?" என்ற ஒரே வாதத்தை வைத்துக்கொண்டு, சென்னையில் ஒரு வெளிநாட்டு அலுவலகம் மூட்டை கட்டியபோது அவர்கள் ஏலம் போட்ட வண்டியை எடுத்து வந்துவிட்டார். அதுவரை அந்தத் தோப்புக்கு அவர் நடந்துதான் போய்க்கொண்டிருந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பினால் எச்சில் துப்புவதற்குள் தோப்பு வந்துவிடும்.

வண்டியில் நாலு சக்கரமும் இழுக்கும். தோல் இருக்கை. சிகரெட் பற்ற வைக்கத் தனிப் பொத்தான். அவர் சிகரெட் பிடிப்பதில்லை. குளிருக்கு ஹீட்டர். மாமல்லபுரத்தில் ஹீட்டர். ஏலத்தில் இதே மாதிரி இரண்டு நின்றனவாம், இன்னொன்றை யாரோ எடுத்துக்கொண்டு போனார்களாம். முகம் தெரியாத அந்த வீட்டம்மாளுக்காக நான் அன்றைக்கே பரிதாபப்பட்டேன்.

வண்டியோடு உதிரிப் பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. இங்கே கிடைக்காத சாமான்கள், உப்புக் காற்றுப் பட்டால் போச்சு என்றார். வீட்டில் கடல் பக்கம் ஜன்னல் இல்லாத அறை ஒன்றே ஒன்று. அது என் தையல் அறை. மத்தியானம் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, தைக்கவோ படிக்கவோ சும்மா இருக்கவோ எனக்கென்று இருந்த ஒரே இடம். தையல் மிஷின் சமையலறை நடைக்கு வந்தது. அச்சும் பல்சக்கரமும் என் அறைக்குப் போயின. நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று சொல்லக்கூட ஆளில்லாமல் போகவே, கடைசியில் வக்கீல் இறங்கி வந்தார். "ஓட்டறதுக்குன்னு எவனாவது கேட்டு வந்தா வண்டியையும் கொடுத்துடறேன், பெட்டியையும் கொடுத்துடறேன். உன் ரூம் உனக்கு. போதுமா?"

துருவுக்கு மருந்து

விற்க வேண்டுமானால் வண்டி பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் அல்லவா? அன்று முதல் நான் அந்த வண்டிக்குத் தாதியானேன். கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குப் பியானோவும் பூத்தையலும் சொல்லிக்கொடுத்தார்கள். கிரீஸ் அடிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பாதிப் புத்தகம் பனியில் ஓட்டுவது எப்படி என்று இருந்தது. மீதிப் பாதியில் எந்தக் கோளாறுக்கும் 'அருகிலுள்ள எங்கள் டீலரை அணுகவும்' என்று இருந்தது. அருகிலுள்ள டீலருக்கும் எனக்கும் நடுவில் கடல் இருந்தது.

அடித்தகடு துருப் பிடிக்க ஆரம்பித்ததும் திருக்கழுக்குன்றம் சாலையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் மாணிக்கத்தைக் கூப்பிட்டேன். எதற்கும் தயங்காத மனிதர். "படகுக்கு இன்னா பூசறாங்க? அதான் இதுக்கும்" என்று சொல்லி, வாடிக்கையாக எங்களுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலையிடமே சுறா எண்ணெய் வாங்கி வண்டியின் அடிவயிறு முழுக்கத் தடவிவிட்டார். துரு நின்றது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த நாள் என் வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், செங்கல்பட்டில் உள்ள அத்தனை பூனையும் வண்டிக்கடியில் உட்கார்ந்து நக்கிக்கொண்டிருக்கின்றன. மத்தியானம் ஒன்று கோர்ட்டுக்குள்ளேயே அவர் காலைத் தேடி வந்துவிட்டது. நான் மாணிக்கத்தைப் பிடித்துக் கேட்டேன். அவர் வண்டிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பூனைக்கு வேணான்னு தோணிச்சின்னாத்தாம்மா நாம பயப்படணும். சரக்கு சுத்தமா கீதுன்னு அர்த்தம்."

ரேடியேட்டருக்கு மாலை போடாதீர்கள்

ஆயுத பூஜை வந்தது. சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. இதெல்லாம் எல்லா வண்டிக்கும் உண்டு. ஆனால் இது சீமை வண்டி ஆயிற்றே, இதற்குச் சாதாரண மாலை போட்டால் கௌரவக் குறைவு என்று மாணிக்கம் திருப்போரூரில் சொல்லி வைத்து, முருகனுக்குப் போடுகிற கனத்தில் ஒரு சாமந்தி மாலை கட்டிக் கொண்டுவந்தார். முன் கம்பிவலையை ஒரு விரல் நுழைய இடமில்லாமல் மூடிவிட்டது. பூஜை போட்ட மாலையை நாமாகக் கழற்றக் கூடாது, தானாக வாடி விழ வேண்டும் என்று சட்டம் வேறு. சாமி விஷயத்தில் எனக்கு எதிர்வாதம் பண்ணத் தெரியாது.

மறுநாள் நாங்கள் இருவரும் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் வண்டியின் மூக்கிலிருந்து புகை. புகை இல்லை, ஆவி. வெந்த சாமந்தி என்ன வாசனை வரும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? கீரையும் கற்பூரமும் சேர்த்துக் குழைய வேகவைத்த மாதிரி வரும். முன்னால் காற்றுப் போனால்தானே தண்ணீர் குளிரும், இதற்குப் புத்தகம் வேண்டுமா, அடுப்பு ஊதுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும் என்று கத்திக்கொண்டே நான் இறங்கி மாலையை அறுத்து எறிந்தேன். விஷயம் கேட்டு சைக்கிளில் வந்த மாணிக்கம், அறுந்து கிடந்த மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வண்டி மேல குத்தம் இல்லம்மா. சாமிக்கு மூச்சு முட்டிகிச்சு."

ஹீட்டரின் உபயோகம்

அந்த வேக்காட்டுக்குப் பிறகு ரேடியேட்டர் பழைய ரேடியேட்டராக இல்லை. கொஞ்சம் வெயில் ஏறினால் கொதிக்கும். மாணிக்கம் ஒரு வழி கண்டுபிடித்தார். ஹீட்டரைத் திறந்துவிட்டால் எஞ்சினில் இருக்கும் சூடு வண்டிக்குள் வந்துவிடும், எஞ்சின் குளிர்ந்துவிடும். நியாயமான ஏற்பாடு, வண்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால். அக்கினி நட்சத்திரத்தில் நாங்கள் ஹீட்டர் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனோம். முன்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு முழங்கால் வரை பொரியல், அதற்கு மேல் அவியல்.

ஒருநாள் நான் சாமான் வாங்கக் கூடப் போயிருந்தேன். வழியில் என் வீட்டுக்காரரின் கட்சிக்காரன் ஒருவன் ஏறிக்கொண்டான். சைக்கிள் திருட்டு வழக்கு, அன்றைக்கு விசாரணை. தான் அந்தப் பக்கமே போகவில்லை என்று சொல்ல அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சீமை வண்டியில் போகிறோம் என்று முதலில் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச தூரத்தில் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். பிறகு துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான். செங்கல்பட்டு ஏரி கண்ணில் பட்டதும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னான்: "ஐயா, சைக்கிளு நான்தான் எடுத்தேன். எங்க வேணா ஒத்துக்கறேன். ஏரியாண்ட எறக்கி வுட்டுருங்க."

சின்ன லீவர்

இந்த மாதிரி வண்டிகளில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு லீவர் இருக்கும். மணலிலோ சேற்றிலோ மாட்டினால் அதைப் போட வேண்டும். வண்டி நத்தை வேகத்தில் யானை பலத்தோடு நகரும். வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்பில் அதைப் போட்டுவிட்டு, எடுக்க மறந்து, திங்கட்கிழமை கோர்ட்டுக்குக் கிளம்பினார். எஞ்சின் கூச்சல் போடுகிறது, வண்டி நகருவேனா என்கிறது. நான் பக்கத்தில் புத்தகத்தைப் புரட்டி, "என்னங்க, அந்தச் சின்ன லீவர்" என்றேன். கேஸ் கட்டைப் படிக்கிற நேரத்தில் சின்ன லீவர் பெரிய லீவர் என்று தொந்தரவு செய்யாதே என்றார். ஸ்டீயரிங்கின் மேலேயே கேஸ் கட்டு. அந்த வேகத்தில் அது ஒன்றும் ஆபத்தில்லை.

பின்னால் மணியோசை. சவுக்குக் கட்டை ஏற்றிய மாட்டு வண்டி. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டிக்காரர் எங்கள் பக்கமாக ஒட்டிக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாக எங்கள் இருவரையும் பார்த்தார். குரலில் மரியாதைக்கு ஒரு குறைவுமில்லை. "சாமி, கொஞ்சம் ஓரங்கட்டுங்க. மாடு அவசரமா போவுது."

கயிற்றைப் பிடித்தவர்

மணலில் இறங்குமுன் டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. நானும் சொன்னேன். காற்றை இங்கே இறக்கிவிட்டால் திரும்ப அடிக்கத் திருக்கழுக்குன்றம் போக வேண்டும் என்று சொல்லி அவர் அப்படியே தோப்புக்கு அந்தப் பக்கம் கரையில் இறக்கினார். வண்டி நாலு காலையும் மடக்கிக்கொண்டு எருமை மாதிரி மணலில் படுத்துவிட்டது. சின்ன லீவரைப் போட்டார். இன்னும் வசதியாகப் படுத்தது. அலை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அப்போது குப்பத்து ஆட்கள் பக்கத்தில் கரைவலை இழுத்து முடித்திருந்தார்கள். அஞ்சலையின் புருஷன் முனுசாமிதான் அந்த வலைக்குத் தலைவர். வலைக் கயிற்றைக் கொண்டுவந்து வண்டியில் கட்டி, குரல் கொடுத்துப் பாடிக்கொண்டே இழுத்தார்கள். அஞ்சலையும் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தாள். வண்டி வெளியே வந்தது. வந்த பிறகும் யாரும் போகவில்லை. வண்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். டீ வாங்கித் தருகிறேன் என்றார் என் வீட்டுக்காரர். டீ குடிப்பது வேறு, பங்கு வேறு என்றாள் அஞ்சலை. அவர்கள் வழக்கத்தில், கயிற்றை யார் பிடித்தாலும் இழுத்து வந்ததில் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. வண்டியைக் கூறு போட முடியாது என்பதால் சவாரியாக வாங்கிக்கொள்வதென்று பேசினார்கள்: கிருத்திகைக்குத் திருப்போரூர், பஸ் வராத நாளில் மீன் கூடை. என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. சரி சரி என்று எல்லார் முன்னாலும் தலையாட்டினார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது போல அஞ்சலை அவரைப் பார்த்தாள். "கயித்தத் தொட்டவனுக்குப் பங்கு, வக்கீலய்யா. மீனு மாட்னா மீனு. நீ மாட்னா வண்டி."

வாங்க வந்தவர்கள்

கடைசியில் ஆள் வந்தது. கூடுவாஞ்சேரியில் அரிசி மில் வைத்திருப்பவரும் அவர் மனைவி சரோஜாவும். நான் முந்தின வாரமே சுறா எண்ணெயை நிறுத்தியிருந்தேன். தோல் இருக்கையை விளக்கெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தேன். எங்கள் தெருப் பூனைகளுக்குப் பின்கட்டில் தனியாக மீன்தலை வைத்து அங்கேயே இருத்தியிருந்தேன். வண்டியும் அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது. கரையில் இறங்கி ஏறியது, கொதிக்கவில்லை, மாடு எதுவும் அதை முந்தவில்லை. என் மனசுக்குள் தையல் மிஷினை ஜன்னல் ஓரம் போடுவதா கதவோரம் போடுவதா என்று யோசனை ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுதான் விசித்திரம். மில்காரர் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, கியர்பாக்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரோஜா காப்பி கலக்க உதவுவதாகச் சொல்லிச் சமையலறைக்கு வந்தாள். தையல் மிஷினைச் சுற்றிக்கொண்டுதான் அடுப்பண்டை வர முடியும். வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்களைக் கூடப் பொறந்தவளா நெனச்சுக் கேக்கறேன். வண்டி எப்படி?" என்றாள். விற்க வேண்டும் என்று எனக்கு இருந்த வெறிக்கு, பிரமாதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் இன்னொருத்தியின் வீட்டு அறையும் பெட்டியால் நிரம்பப் போகிறதே என்று நினைத்ததும் நாக்கு புரளவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பூனை, சாமந்தி, ஹீட்டர். அவள் ஆச்சரியமே படாமல் தலையாட்டிக்கொண்டிருந்தாள். "வைப்பர் மழை விட்டப்புறம்தானே ஓடும்?" என்றாள். அதை நான் இன்னும் சொல்லவே இல்லை.

ஏலத்தில் போன அந்த இன்னொரு வண்டி அவர்கள் வீட்டில் நிற்கிறதாம். மில்லில் நெல் காயவைக்கிற இடத்தைப் பாதி அடைத்துக்கொண்டு நிற்கிறதாம். கியர்பாக்ஸ் போய்விட்டது, சாமான் கிடைக்கவில்லை. எங்களுடையதை வாங்கி உடைத்துத் தங்களுடையதை ஓட்டலாம் என்று வந்திருக்கிறார்கள். உடைத்தால் என்ன, உருக்கினால் என்ன, எனக்கு அறை கிடைத்தால் சரி. காப்பியை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்தேன்.

வெளியே குப்பம் நின்றுகொண்டிருந்தது. கரையில் புது ஆள் வண்டியைச் சோதிப்பதைப் பார்த்தவர்கள் வலையைக்கூட உலர்த்தாமல் வந்துவிட்டார்கள். முன்னால் அஞ்சலை. "எங்களக் கேக்காம எப்டி விப்பே? பங்கு வெக்காம நாங்க நெத்திலியக்கூட விக்க மாட்டோம். இவ்ளோ பெரிய வண்டிய விக்கறியே." மில்காரர், இது என்ன வம்பு, உடைக்கிற வண்டிக்குப் பங்கா என்றார். உடைப்பது என்ற வார்த்தையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெற்ற பிள்ளையைக் கறிக்கடைக்குக் கேட்ட மாதிரி. உடனே எழுந்து நின்று கோர்ட்டுக் குரலில் பேச ஆரம்பித்தார். வழக்கம் என்பது சட்டத்துக்குச் சமம். பலர் முன்னிலையில் தாம் ஒப்புக்கொண்டது செல்லும். பங்குதாரர் சம்மதமின்றி விற்க முடியாது. தவிரவும் தாம் மனைவிக்குக் கொடுத்த வாக்கு 'ஓட்டறதுக்கு' என்றுதானே ஒழிய உடைப்பதற்கு அல்ல. வருஷக்கணக்கில் வாய்தா வாங்கியே பிழைக்கிற மனிதர், காப்பி ஆறுவதற்குள் தீர்ப்பையும் சொல்லி முடித்துவிட்டார்.

நான் டம்ளரை நங்கென்று வைத்தேன். என் அறை போனது போனதுதான். அப்போதுதான் என் பின்னாலேயே வெளியே வந்திருந்த சரோஜா தன் புருஷனிடம் மெதுவாகப் பேசினாள். "சாமான் இல்லாம நம்மது ஓடப்போறதில்ல. இவங்க கொடுக்கப்போறதில்ல. நம்மதையே இவங்ககிட்ட தள்ளிடுங்க. அவங்க உடைச்சுக்கட்டும்." என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. ஊரே பார்க்கக் கைகுலுக்கிக்கொண்டார்கள். கூடப் பிறந்தவளாக என்னை நினைத்தவள் காரில் ஏறுமுன் என் தோளைத் தொட்டாள். கண்ணில் உண்மையாகவே ஈரம் இருந்தது. "தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்களுக்குன்னா பழகிடுச்சு."

இரண்டாவது வண்டி

அடுத்த கிருத்திகைக்கு முன்னால் அது வந்து சேர்ந்தது. எங்கள் வண்டியே அதைக் கூடுவாஞ்சேரியிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்தது. மாணிக்கம் அதைப் பூவரச மரத்தடியில் நிறுத்தி எஞ்சினையும் அச்சையும் பிடுங்கினார். எல்லாம் என் பழைய அறைக்குப் போயின. அறையில் இனி எலி நுழையவும் இடமில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிடுங்கி முடித்த பிறகு மீந்ததை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பின் இருக்கைகளை எடுத்துவிட்டதால் உள்ளே தாராளமான இடம். முன்னால் வெடிப்பு விடாத தோல் இருக்கை. நாலு பக்கமும் நகர்த்தித் திறக்கிற கண்ணாடி, மேலே மர நிழல். கதவை இழுத்துச் சாத்தினேன். ஒரு கனமான சத்தத்தோடு மூடிக்கொண்டது, உள்ளிருந்து பூட்டவும் முடிந்தது. அன்று சாயங்காலமே மாணிக்கத்தை விட்டுத் தையல் மிஷினைத் தூக்கி உள்ளே வைக்கச் சொன்னேன். அது வண்டியில் வைக்கும் பொருளா என்றார் என் வீட்டுக்காரர். இந்த வண்டி ஓட்டுவதற்கு அல்ல, ஆகவே உங்கள் வாக்கு இதைக் கட்டுப்படுத்தாது என்றேன். சாவியை என் தாலிச் சரட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டேன்.

இப்போது மத்தியானங்களில் நான் அதற்குள் இருக்கிறேன். வெளியே ஓடுகிற வண்டி இருமுவதும் தும்முவதும் கேட்கும். அவர் வந்து கண்ணாடியைத் தட்டுவார். சின்ன லீவர் எந்தப் பக்கம் என்று கேட்பார். நான் கையால் காட்டுவேன், கண்ணாடியைத் திறக்க மாட்டேன். போன வாரம் அஞ்சலை கூடையோடு வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்தாள். மிஷின், நாற்காலி, திரைச்சீலை, மடியில் புத்தகம். இதிலும் தனக்குப் பங்கு உண்டா என்று அவள் கேட்பாளோ என்று நான் தயாராகவே இருந்தேன். அவள் கேட்கவில்லை, கூடையை இறக்கி வைத்துவிட்டு மட்கார்டில் சாய்ந்துகொண்டாள். "ஐயா வண்டிய நாங்க இஸ்துகினே கெடக்கறோம். உன் வண்டிக்கு யாரும் கயிறு போட வேணாம்மா. நல்ல வண்டி உன்னுதுதான்."

ஆகவே, பழைய சீமை வண்டி வாங்கத் துடிக்கும் கணவர்களைக் கட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு என் முடிவான பராமரிப்பு யோசனை: ஒன்றோடு நிறுத்தாதீர்கள், இரண்டாக வாங்கச் சொல்லி, ஓடாததன் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.